பெண்மணி இருக்கும் இடத்தில் சொல்லக்கூடாத சொற்கள்

கால்டர்ஃபோர்ட்
இங்கிலாந்து
14 மார்ச் 1976

அன்புள்ள தோராவுக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளை கிளிஃபும் குட்டி லியானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. என் முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது.

முதலில் நல்ல சேதி. டிரைவர் தேர்வில் தேறிவிட்டேன்! பன்னிரண்டு வருஷம் தோளில் டிக்கெட் மெஷினை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குள் மாடிப்படி ஏறி இறங்கிய உன் அக்கா, போன திங்கட்கிழமையிலிருந்து ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். எங்கள் டிப்போவில் மொத்தம் எண்பத்து நான்கு டிரைவர்கள். என்னைத் தவிர அத்தனை பேரும் ஆண்கள். வேலையில் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்று டிசம்பரில் வந்த புதுச் சட்டத்தால் மேனேஜர் ஹெப்டனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக என்னை மட்டும் மில் ரோடு ஏற்றத்தில் மூன்று தடவை நிறுத்திக் கிளப்பச் சொன்னார்கள். மூன்று தடவையும் வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளவில்லை.

முதல் நாள் மார்க்கெட் நிறுத்தத்தில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டாள். அடுத்த பஸ்ஸுக்கு மழையில் நாற்பது நிமிஷம் நின்றிருப்பாள். நிற்கட்டும்.

புதன்கிழமை காலையில் என் லாக்கர் கதவில் வெள்ளைப் பெயிண்டில் 'பிட்ச்' என்று எழுதியிருந்தது. பெட்டை நாய். இன்னொரு டிரைவர் நார்மன் கிரிம்ஷாவின் வேலை அது, பந்தயம் கட்டுகிறேன். அவன் 'புதன்கிழமை' என்று எழுதினாலே இரண்டு பிழை இருக்கும். இதை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதத் தெரிந்திருக்கிறது பார்.

ஹெப்டனிடம் போய்ச் சொன்னேன். "பெயிண்ட் அடிச்சு மறைச்சுடலாம்மா," என்றார். யார் எழுதியது என்று கேட்கவே இல்லை.

நீ பக்கத்தில் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பல்லைக் கடித்திருப்போம். சீக்கிரம் எழுது. லியானுக்கு என் முத்தங்கள்.

உன் பிரியமுள்ள
ஏவிஸ்


அடிலெய்ட்
ஆஸ்திரேலியா
4 ஏப்ரல் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது. வாசலில் வைத்த எலுமிச்சை முதல் தடவையாகக் காய்த்திருக்கிறது.

நீ டிரைவர் ஆனதை லாண்டரியில் எல்லோரிடமும் சொன்னேன். என் முதலாளி அம்மா கிரேக்கத்துக்காரி, வசூலா என்று பெயர். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். கிளிஃபும் உன் கடிதத்தை வாசித்தார். சிரித்தார்.

அந்த லாக்கர் விஷயத்தைப் பெரிதாக்காதே அக்கா. டர்பன்டைன் போட்டுத் துடைத்தால் போய்விடும். எல்லாம் பழகிவிடும். முதல் வருஷம்தான் சுருக்கென்று தைக்கும். அப்புறம் ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிடும், ஓடுவதே காதில் ஏறாது. பதில் சொன்னால்தான் வளரும். அந்த நேரத்தில் ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொண்டுவிட வேண்டும்.

லியானுக்கு ஐந்து வயது முடியப்போகிறது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம். அவளுக்கு உன் பஸ்ஸின் படம் ஒன்று அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
தோரா


கால்டர்ஃபோர்ட்
25 ஏப்ரல் 1976

அன்புள்ள தோராவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பஸ்ஸின் படம் இதோடு இருக்கிறது. ஜன்னலில் தெரியும் மூக்கு என்னுடையதுதான்.

பழகிவிடும் என்று எழுதியிருந்தாய். முதல் வருஷம் தைக்கும், அப்புறம் காதில் ஏறாது என்று கணக்காக எழுதியிருந்தாய். உனக்கு எப்படித் தெரியும்? லாண்டரியில் யாராவது உன்னை ஏதாவது சொல்கிறார்களா? சொன்னால் பெயரை எழுது.

எனக்குப் பழகவில்லை, பழகப்போவதும் இல்லை. கேன்டீனுக்குள் நான் நுழைந்தால் கிரிம்ஷா மேசையைத் தட்டி, "டேய், மாடு வருதுடா, பால் வாளியை எடுங்க!" என்கிறான். பத்துப் பேர் சிரிக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன். போன வாரம் 'ஸ்லாக்' என்றான். கண்டவனோடு போகிறவள் என்று அர்த்தமாம். இரும்பு உருக்கும்போது ஒதுங்கும் கசடுக்குத்தான் ஸ்லாக் என்று பெயர். அப்பா இரும்பாலையில் முப்பது வருஷம் அந்தக் கசட்டைத்தான் வண்டியில் தள்ளினார். நாற்பத்தோரு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்பதற்காக ஒரு பெயர், கண்டவனோடு போகிறேன் என்பதற்காக இன்னொரு பெயர். இரண்டையும் ஒரே வாய் ஒரே வாரத்தில் சொல்கிறது. ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளக் கூடாதா அந்த மனுஷன்?

யூனியன்காரர் டெரிக்கிடம் போனேன். நல்ல மனுஷன்தான்.

"சும்மா தமாஷுக்குச் சொல்றானுங்க ஏவிஸ். எங்களையும்தான் சொல்றானுங்க. நேத்து ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்துல இடிச்சேன்ல, அதுக்கு என்னைக் கையாலாகாதவன், 'தடிப் பொண்ணோட ரவிக்கை'ன்னானுங்க. நான் கோவிச்சுக்கிட்டேனா?"

"அதுலயும் பொண்ணுதானே டெரிக்?"

"என்னது?"

"உன்னைத் திட்டணும்னாலும் உன்னைப் பொண்ணாக்கித்தான் திட்டறானுங்க. அப்ப பொண்ணா இருக்கறதுதான் வசவு. நான் பொறந்ததுலேருந்து அதுதானே?"

டெரிக் தலையைச் சொறிந்தார். "டீ குடிக்கறியா?" என்றார்.

ஒரு சின்ன நோட்டு வாங்கியிருக்கிறேன். யார், எங்கே, என்ன சொன்னார் என்று தேதி போட்டு எழுதிவருகிறேன். சொன்ன சொல்லை முழுசாக எழுதுகிறேன். பத்திரிகைக்காரன் மாதிரி முதல் எழுத்துக்குப் பின்னால் புள்ளி வைப்பதில்லை. காதில் முழுசாக விழுந்தது காகிதத்தில் மட்டும் ஏன் பாதியாக வேண்டும்?

என் கேள்விக்குப் பதில் எழுது.

உன் அக்கா
ஏவிஸ்


அடிலெய்ட்
30 மே 1976

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பஸ் படமும் வந்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். லியான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். முதல் நாள் அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

இனிமேல் லாண்டரி விலாசத்துக்கே எழுது, பின்பக்கம் குறித்திருக்கிறேன். வீட்டுத் தபால் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கிவிடுகிறது.

லாண்டரியில் யாரும் எதுவும் சொல்வதில்லை. வசூலா நல்லவள்.

அந்தச் சொற்களை அப்படியே எழுத வேண்டுமா அக்கா? படிக்கும்போது யாராவது தோளுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது.

முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்
தோரா


கால்டர்ஃபோர்ட்
20 ஜூன் 1976

அன்புள்ள தோராவுக்கு,

முழங்கால் தேவலை. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் அதற்கு ஓய்வு.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் பதினொன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம். இங்கே இந்த வருஷம் வெயில் கொளுத்துகிறது, தார் உருகுகிறது. ஆற்றுப் பாலத்தில் ஒரு லாரி நின்றுபோய் நான்கு நிமிஷம் தாமதமாக நிலையத்துக்கு வந்தேன். என் வண்டியை அடுத்து எடுக்க வேண்டியவன் கிரிம்ஷா. ஜன்னலைக் கையால் தட்டினான். பஸ் நிறைய ஆள். முன் இருக்கையில் ஒரு அம்மாவும் பத்து வயதுப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டியாடி, பெட்ட நாயே! வழியில எவன் கூட நின்னே?"

அந்தச் சின்னப் பெண் என்னைப் பார்த்தது. அவனைப் பார்க்கவில்லை தோரா, என்னைப் பார்த்தது. நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரிந்துகொள்கிற மாதிரி.

பதிலுக்கு ஒரு சொல் தேடினேன். நாற்பத்தோரு வருஷமாக இந்த மொழியைப் பேசுகிறேன், அவனுக்கென்று ஒரு சொல் அகப்படவில்லை. வாயில் வந்ததெல்லாம் அவன் அம்மாவைத்தான் போய் அடிக்கிறது. அவன் அம்மா வியாழக்கிழமைகளில் பூனைக்கு மீன் தலை வாங்க என் பஸ்ஸில்தான் வருவாள். நல்ல மனுஷி, அவள் என்ன செய்தாள்? ஆண் நாயைச் சொல்லலாம் என்றால் அது இங்கே செல்லப் பேச்சு. 'கொடுத்து வைத்த நாய்' என்றால் அவன் சிரித்துக்கொண்டே பீர் வாங்கித் தருவான். ஊர் மேய்கிற ஆணுக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர்களை யோசித்துப் பார், எல்லாம் முதுகில் தட்டிக் கொடுக்கிற பெயர்கள். நமக்கு மட்டும் அகராதி அகராதியாகக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

வேறு வழியில்லாமல் அவன் சொன்னதையே எடுத்தேன். கதவைத் திறந்து இறங்கி, அவன் முகத்துக்கு நேராக நின்று, "நீதான்டா பெட்ட நாய்!" என்றேன். உரக்கத்தான் சொன்னேன். நிலையம் முழுக்கக் கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் கடிதம் வந்துவிட்டது. சீருடையில் இருக்கும்போது பொது இடத்தில் ஆபாச மொழி பேசிய குற்றம். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது.

கிரிம்ஷாவுக்குக் கடிதம் இல்லை. ஏன் என்று ஹெப்டனைக் கேட்டேன். "ஆம்பளைங்க அப்படித்தாம்மா பேசுவாங்க, டிப்போன்னா அப்படித்தான் இருக்கும். ஒரு பொம்பளை வாயிலேருந்து அந்த வார்த்தை வர்றது வேற," என்றார். ஒரே சொல். அவன் வாயில் இருந்தால் பேச்சு, என் வாயில் இருந்தால் குற்றம்!

ஜூலை பதினைந்தாம் தேதி விசாரணை. நோட்டோடு போகப் போகிறேன்.

இன்னொன்று. மூன்று மாதமாக அங்கே ஒரு சொட்டு மழை இல்லை, புல்லெல்லாம் கருகிவிட்டது என்று உன் ஊரைப் பற்றி இங்கே பத்திரிகையில் போட்டிருந்தார்கள். உன் தபால் பெட்டியில் இறங்கும் தண்ணீர் எது?

லியானுக்கு முத்தம்.

உன் அக்கா
ஏவிஸ்


அடிலெய்ட்
4 ஜூலை 1976

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் பெரிய துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று வாசித்தேன். அவன் அம்மாவையும் மீன் தலையையும் படித்தபோது சிரித்துவிட்டேன். அந்தச் சின்னப் பெண் உன்னைப் பார்த்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை மத்தியானம்தான் படித்தேன்.

விசாரணையில் அந்தச் சொற்களை நீ வாய்விட்டுச் சொல்லப் போகிறாயா? என்னால் முடியாது. போன வாரம் முயன்று பார்த்தேன். உலர்த்தும் அறையில் யாரும் இல்லை, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். என் குரலில் வரவில்லை அக்கா. வேறு ஒருவர் குரலில் வந்தது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தபால் பெட்டியைப் பற்றிக் கேட்காதே.

பதினைந்தாம் தேதி உனக்காகப் பிரார்த்தனை செய்கிறேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ.

தோரா


கால்டர்ஃபோர்ட்
18 ஜூலை 1976

என் அன்புள்ள தோராவுக்கு,

நலம். சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். இரண்டு முட்டை, வறுத்த ரொட்டி.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஹெப்டன், நகரசபைக் கவுன்சிலர் ஒருவர், நிர்வாகத்திலிருந்து இன்னொருவர். என் பக்கம் டெரிக். மூலையில் ஹெப்டனின் காரியதரிசி மிஸ் லம்லி, சுருக்கெழுத்து நோட்டோடு. ஐம்பத்தைந்து வயது இருக்கும், முத்துமாலை போட்டுக்கொண்டு யாரோடும் ஒட்டாமல் இருப்பவள். பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு அவள் சொன்னது "குட் மார்னிங்" மட்டும்தான்.

ஹெப்டன் தொண்டையைச் செருமினார். "மிஸ் ஹோல்ராய்ட், சீருடையில இருக்கும்போது, பயணிகள் காதுல விழற மாதிரி, கூட வேலை செய்யறவரை ஆபாசமாத் திட்டினீங்களா?"

"திட்டினேன் சார்."

"அந்த வார்த்தையை இங்க சொல்ல வேண்டாம்."

"ஏன் சார்? அதுக்காகத்தானே கூப்பிட்டிருக்கீங்க?"

"இங்க ஒரு பெண்மணி இருக்காங்க," என்று மிஸ் லம்லி பக்கம் கையைக் காட்டினார்.

"அப்ப நான் யாரு சார்?" என்று கேட்டேன்.

கவுன்சிலர் தன் பைப்பை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

நோட்டைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தேன். "மார்ச் பத்து, லாக்கர் கதவு, பெட்டை நாய். மார்ச் பத்தொன்பது, கேன்டீன், நார்மன் கிரிம்ஷா, மாடு. அன்னிக்கே சாயங்காலம், கிழட்டு மூட்டை. ஏப்ரல் ரெண்டு..." ஹெப்டன் கையைத் தூக்கினார். "போதும், போதும்! மிஸ் லம்லி, அதெல்லாம் குறிப்புல வேண்டாம்."

"இது வரைக்கும் எழுதியாச்சு சார்," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

"அடிச்சுடுங்க."

"சொன்னதை எழுதறதுதான் சார் என் வேலை. கேக்கப் பிடிக்கலேன்னா, சொன்னவங்ககிட்ட சொல்லிருக்கணும்." பிறகு என்னைப் பார்த்தாள். "மிஸ் ஹோல்ராய்ட், கொஞ்சம் நிதானமா வாசிங்க. ஏப்ரல் ரெண்டுல விட்டீங்க."

தோரா, முப்பத்தேழு குறிப்புகள்! முப்பத்தேழையும் வாசித்தேன். முதல் ஐந்தாறு வரை எனக்கு வாய் உலர்ந்தது. அப்புறம் பஸ் நிறுத்தங்களின் பெயரை வாசிக்கிற மாதிரி வந்துவிட்டது. அந்த மூன்று பேருக்கும் முகம் சிவந்தது. சொன்னவனுக்குச் சிவக்காத முகம், கேட்டவளுக்கு நாலு மாதம் சிவந்த முகம், அன்றைக்கு அவர்களுக்குக் கால் மணி நேரம் சிவந்தது. டெரிக் கடைசி வரைக்கும் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். கேன்டீனில் அவர் சிரித்த நாட்களும் நோட்டில் இருந்தன.

முடித்ததும், "இதுல ஒண்ணே ஒண்ணை நான் ஒரு தடவை திருப்பிச் சொன்னேன். முப்பத்தேழு இலவசம், ஒண்ணுக்குத் தண்டனை. அதுக்குக் காரணம் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்," என்றேன்.

முடிவைத் தபாலில் அனுப்புகிறார்களாம்.

வெளியே நடையில் மிஸ் லம்லி என் பின்னாலேயே வந்தாள். "ஒன்பதாவது வார்த்தையை நீங்க தப்பா உச்சரிச்சீங்க," என்றாள். "எனக்கு அது நல்லாத் தெரியும்." மாலையைச் சரிசெய்துகொண்டு தட்டச்சு அறைக்குள் போய்விட்டாள். மூன்று நகல் அடித்திருக்கிறாள். புள்ளி இல்லை, கோடு இல்லை, எல்லாம் முழுசு முழுசாக.

இப்போது உன் விஷயம். உலர்த்தும் அறையில் உன் வாயிலிருந்து வந்த குரல் யாருடையது? எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நான் சொல்வதைவிட நீ சொல்வதுதான் சரி. நீ ஏன் பேசாமல் இருக்கிறாய் தோரா? வாயைத் திற. நான் திறந்தேனே, உயிரோடுதானே இருக்கிறேன்?

உடனே எழுது.

உன் அக்கா
ஏவிஸ்


கால்டர்ஃபோர்ட்
29 ஆகஸ்ட் 1976

அன்புள்ள தோராவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. லியானுக்கு உடம்பு சரியில்லையா? உனக்கா? என் மேல் கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுது.

முடிவு வந்துவிட்டது. எனக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை. கிரிம்ஷாவுக்கும் ஒன்று, அதோடு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிப்போவுக்கு மாற்றம். நியாயம் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கும் எனக்கும் ஒரே எச்சரிக்கை என்றால் முப்பத்தேழும் ஒன்றும் சமம் என்று ஆகிறது. ஆனால் திரும்பவும் வண்டி எடுக்கிறேன். கேன்டீனில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. முதல் நாள் டெரிக் மட்டும் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். "நான் சிரிச்சிருக்கக் கூடாது ஏவிஸ்," என்றார். உப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

தோரா, எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வார்த்தை போதும். நலம் என்று மட்டும் எழுது. பொய்யாக எழுதாதே.

ஏவிஸ்


அடிலெய்ட்
2 செப்டம்பர் 1976

ஏவிஸ்,

உன் தங்கை போன வெள்ளிக்கிழமை என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். லாண்டரிக்கு நீ எழுதிய குப்பைகளை அவள் கோட்டுப் பையில் பார்த்தேன். எட்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவள். அந்த நன்றிகெட்ட மாட்டுக்கு வாய் முளைத்ததற்கு நீதான் காரணம். புருஷன் கிடைக்காத கிழட்டுப் பெட்டை நாய் ஒன்று இன்னொருத்தியின் குடும்பத்தைக் கெடுக்கிறது. அவளை உடனே வீட்டுக்கு வரச் சொல்.

கிளிஃப்


கால்டர்ஃபோர்ட்
11 செப்டம்பர் 1976

கிளிஃபுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதை உன் கையெழுத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். நீதிமன்றத்தில் உரக்க வாசிக்க நேர்ந்தால் எனக்கு வாசித்துப் பழக்கம் உண்டு.

தோரா எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

ஏவிஸ் ஹோல்ராய்ட்


அடிலெய்ட்
19 செப்டம்பர் 1976

என் அக்காவுக்கு,

நானும் லியானும் நலம். இது பொய் இல்லை.

முதலில் உன் மேல் இருந்த கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். வாயைத் திற, நான் திறந்தேனே என்று எழுதியிருந்தாய். உனக்கு ஒரு மேசை இருந்தது. அந்தப் பக்கம் மூன்று பேர், எழுதிக்கொள்ள ஒரு மிஸ் லம்லி. எனக்கு அடுப்படி இருந்தது. அங்கே வாயைத் திறந்தால் யார் குறிப்பெடுப்பார்கள்? உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆமாம், அது அவர் குரல்தான். 'அவர்' என்றே இன்னும் கை எழுதுகிறது பார். கல்யாணமான மூன்றாம் மாதம் ஆரம்பித்தது. முதலில் குடித்தபோது மட்டும். அப்புறம் டீ ஆறிப்போனால். அப்புறம் காரணமே வேண்டாம். கை ஓங்கியதில்லை, அதனால் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். வெறும் வார்த்தைதானே, அதற்குப் போய் யாராவது வீட்டை விட்டு வருவார்களா என்று எட்டு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் லியானின் டீச்சர் மிஸஸ் ப்ரூக் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். இங்கே செப்டம்பரில் அப்பாக்கள் தினம் வரும். அதற்காகக் குழந்தைகள் எல்லோரும் குடும்பப் படம் வரைந்தார்கள். கீழே பெயர் எழுதுவது டீச்சர். வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு படத்தை என் முன்னால் வைத்தாள். வீடு, எலுமிச்சை மரம், நீண்ட காலோடு அப்பா. அவருக்குக் கீழே 'கிளிஃப்' என்று இருந்தது. பக்கத்தில் நான், முகத்தைவிடக் கை பெரிதாக. எனக்குக் கீழே வெறும் கோடு.

"அம்மா பேர் என்னன்னு கேட்டேன் மிஸஸ் கார்ட்டர்," என்றாள் டீச்சர். "லியான் ஒரு பேர் சொன்னா. என்னால அதை எழுத முடியல. விளையாட்டுக்குச் சொல்றாளோன்னு திருப்பிக் கேட்டேன். சந்தோஷமா அதையேதான் சொன்னா. குழந்தைமேல தப்பே இல்லீங்க."

என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் லியானை ஒரு மதில்மேல் உட்கார வைத்துக் கேட்டேன். "அம்மா பேர் என்ன கண்ணு?"

சொன்னாள். இரண்டு சொல். அவர் சொல்கிற அதே ஏற்ற இறக்கத்தோடு, சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"அது என் பேர் இல்லடா. என் பேர் தோரா."

யோசித்தாள். "அந்தப் பேர்ல உன்னை யாருமே கூப்பிட்டதில்லையே அம்மா," என்றாள்.

அக்கா, எட்டு வருஷத்தில் வராத கோபம் அந்த மதில் பக்கத்தில் வந்தது. அவர்மேல் மட்டும் இல்லை, என்மேலும். நான் காதில் ஏறாது, ஏறாது என்று இருந்தேன். என் காதில் ஏறாதது எல்லாம் அவள் காதில் ஏறியிருக்கிறது. நாளைக்கு அவளை ஒருவன் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அம்மாவின் பெயர்தானே என்று.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் கிளம்பிவிட்டேன். இங்கே பெண்கள் தங்க ஒரு இல்லம் இருக்கிறது, விலாசத்தை யாருக்கும் சொல்லக் கூடாது. ஒரு அறை, இரண்டு கட்டில், சமையலறை எல்லோருக்கும் பொது. வந்த முதல் நாள் படிவம் நிரப்பிய பெண், "அடிச்சாரா?" என்று கேட்டாள். "இல்லை, பேசினார்," என்றேன். அதற்குமேல் ஏன் என்று கேட்கவில்லை. "என்ன பேசினார்னு சொல்றீங்களா?" என்று பேனாவைத் திறந்தாள். ஒரு மணி நேரம் சொன்னேன். இந்தத் தடவை என் குரலிலேயே வந்தது.

வேலையை விடவில்லை. அவர் லாண்டரிக்கு வந்து கத்தினார். வசூலா வாசலில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றாளாம். "உன் கெட்ட வார்த்தை எனக்குப் புரியாது. என் கெட்ட வார்த்தை உனக்குப் புரியாது. இந்தக் கதவு ரெண்டு பேருக்கும் புரியும்," என்று அடித்துச் சாத்தினாள். நான் பின்னால் விரிப்புகளுக்கு நடுவில் நின்று கேட்டேன். பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. திரும்பவும் வருவார். வக்கீலைப் பார்த்திருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. இரவில் லியான் அப்பாவைக் கேட்கிறாள், பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுக்கிறேன்.

அந்தப் படத்தை டீச்சரிடமிருந்து வாங்கி வந்தேன். தினமும் சாயங்காலம் அவளுக்கு என் பெயரை எழுதச் சொல்லித் தருகிறேன். பழைய சொல் இன்னும் இரண்டு தடவை வாயில் வந்துவிட்டது, சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. சரியான பெயரைச் சொல்லிக் கொடுத்தேன்.

இன்றைக்கு என் கையைத் தள்ளிவிட்டுக் கோட்டின்மேல் அவளே எழுதினாள். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் படத்துக்கு வெளியே மேசையில் எழுதிவிட்டாள். துடைக்க மனம் வரவில்லை. இந்தக் கடிதத்திலும் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. அவள் பென்சிலோடு பக்கத்தில் காத்திருக்கிறாள்.

தோரா